எடை போடாத நூல்

தறிக்குழியில் ஈரம் ஊறும் மழை மாதங்களில், பிள்ளையார்பாளையத்துக் கர்ப்பிணி ஒருத்தி குரோஷா பழகிய கதை

பிள்ளையார்பாளையத்தில் பட்டு எடை போட்டுத்தான் வீட்டுக்குள் வரும். பாவுக்கு இவ்வளவு, ஊடைக்கு இவ்வளவு, ஜரிகை இவ்வளவு என்று முதலாளி வீட்டிலோ சொசைட்டியிலோ தராசில் வைத்துக் கொடுப்பார்கள். நோட்டில் ஏற்றிக்கொள்வார்கள். பதினைந்து இருபது நாள் கழித்து அது புடவையாகித் திரும்பும்போது மறுபடியும் தராசு. எடை குறைந்தால் கேள்வி வரும், சில சமயம் கூலியில் கை வைப்பார்கள். பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ படம் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. மகளுக்குக் கல்யாணத்தன்று பட்டுப்புடவை கட்டுவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்ட நெசவாளி, பட்டு இழையை வாயில் ஒளித்துக்கொண்டு வீட்டுக்கு நடப்பான். பிரகாஷ்ராஜுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த வேடம் அது. கதை நடப்பது சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில். தராசு மட்டும் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

இப்படிப்பட்ட தெருவில் ஒரு வீட்டுக்கு, யாரும் எடை போடாத நூல் ஒன்று ஐப்பசி மாதத்தில் வந்து சேர்ந்தது. வெளிர் மஞ்சளில் பருத்தி நூல், நூறு கிராம் உருண்டை. கூடவே நாலு மில்லிமீட்டர் அலுமினியக் கொக்கி ஒன்று. வரவழைத்தவள் அந்த வீட்டு மருமகள். அப்போது அவளுக்கு ஆறாம் மாதம்.

“பேர் போடாதீங்கக்கா. முதலாளி வீட்ல இந்தப் புஸ்தகம் வாங்குறாங்க. தறியில உக்காராம இதப் பின்னிட்டு இருந்தாளான்னு கேப்பாங்க” என்றாள். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அவள் மருமகள்தான்.

கைக்கு வேலை இல்லாத மாதங்கள்

காஞ்சிபுரத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது பிள்ளையார்பாளையம். ராஜசிம்ம பல்லவன் 1,300 ஆண்டுகளுக்கு முன்னால் கட்டிய கைலாசநாதர் கோயில் பக்கத்தில்தான். கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் திரும்பும்போது இந்தத் தெருக்களில் தறிச் சத்தம் கேட்டு நின்று எட்டிப்பார்ப்பதுண்டு. மழை மாதங்களில் வந்தால் அந்தச் சத்தம் பாதிதான் கேட்கும். குழித்தறியில் நெசவாளி காலைத் தொங்கவிட்டு மிதிக்கும் குழி தரையைத் தோண்டிய குழி. நாலு நாள் விடாமல் பெய்தால் அடியில் தண்ணீர் ஊறிவிடும். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு விரித்துச் சீர் பார்ப்பார்களே, அதற்கும் வானம் வெளுத்திருக்க வேண்டும். பட்டுக்கு ஈரக்காற்று ஆகாது. வடகிழக்குப் பருவமழை மும்முரமாக இருக்கும் வாரங்களில் தறி ஓடுவதும் நிற்பதுமாக இருக்கும்.

மருமகளுக்கு வேலை குறைந்ததற்கு மழை மட்டும் காரணமில்லை. காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டின் ஊடையும் விளிம்பில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு, ஊடையைக் கொண்டுபோகும் நாடா மூன்று ஓடும். நெசவாளி ஒருவராலேயே மூன்றையும் ஓட்ட முடியாது, பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்த இன்னொரு ஆள் மனைவி. கூலி என்னவோ புடவைக்கு ஒன்றுதான். ஐந்தாம் மாதம் வரை மருமகள் கோர்வைக்கு உட்கார்ந்தாள். பிறகு வயிறு, நெய்த துணி சுருளும் மரத்தில் இடிக்க ஆரம்பித்தது. குனிந்து நிமிர முடியவில்லை. குழி விளிம்பில் மணிக்கணக்காக உட்கார வேண்டாம் என்று செக்கப்புக்குப் போன இடத்தில் சொல்லிவிட்டார்கள். கணவர் கோர்வை இல்லாத புடவைக்கு மாறிக்கொண்டார். கூலி குறைவு, ஆனால் ஒற்றை ஆளாக நெய்யலாம்.

மிச்சம் இருந்தது தார் சுற்றுவது. நாடாவுக்குள் வைக்கும் குச்சியில் ஊடை நூலைச் சுற்றும் வேலை, வீட்டுக்கு வீடு பெண்கள்தான் செய்வார்கள். அதுவும் அரை நாளில் முடிந்துவிடும். “சமையல் அத்தை பாத்துக்கறாங்க. தண்ணிக் குடம் தூக்க விடல. டிவியில ஒரே சீரியல். கை சும்மா இருந்தா எனக்குத் தூக்கமும் வராதுக்கா” என்றாள். போனில் யாரோ ஒரு பெண் குழந்தைத் தொப்பி பின்னுவதைப் பார்த்திருக்கிறாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆன்லைனில் நூலும் கொக்கியும் வாங்கினாள்.

விரல் அறிந்ததும் அறியாததும்

ஒற்றைக் கொக்கியால் நூல் பின்னும் குரோஷாவைப் பழகுகிறவர்கள் முதல் வாரம் முழுக்கக் கஷ்டப்படுவது வலது கையால் அல்ல, இடது கையால். கொக்கியைப் பென்சில் மாதிரிப் பிடிக்கலாம், கத்தி மாதிரியும் பிடிக்கலாம், இரண்டும் சரிதான். இடது கையில் நூல் சுண்டுவிரலைச் சுற்றி, ஆள்காட்டி விரலின் மேலாக ஓட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் கண்ணிக்குள் கொக்கி நுழையாது. தளர விட்டால் ஒரு கண்ணி ஒட்டகமும் ஒரு கண்ணி எறும்புமாக வரும். பாவமாக இருக்கும் புதியவர்களைப் பார்த்தால். தோளெல்லாம் காதுவரை ஏறி நிற்கும்.

மருமகளுக்கு இந்தக் கஷ்டமே இல்லை. அவள் சங்கிலி போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணி வரிசை அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவில் வந்தது. பிறந்த வீடு அய்யம்பேட்டை, அதுவும் நெசவு ஊர். எட்டு வயதிலிருந்து ராட்டையில் பட்டு இழையை விரல் நுனி வழியாக விட்டுப் பழகிய கை. தலைமுடியைவிட மெல்லிய இழையை அறாமல் தொய்யாமல் ஓடவிட்ட விரலுக்கு இந்த நாலு புரிப் பருத்தி ஒரு பொருட்டே இல்லை.

அவளுக்கு வராதது வேறு. தப்பு போட்டால் பிரிக்க மனசு வரவில்லை. தறியில் தப்பு என்றால் பெரிய பாடு. ஊடையை ஒவ்வொரு இழையாகப் பின்னுக்கு எடுக்க வேண்டும். பாவு இழை அறுந்தால் தறியில் மறுபடி கோத்து, இழுத்து முடிய வேண்டும். எடுத்த பட்டு நைந்துபோகும், அதன் எடைக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். குரோஷாவில் உயிரோடு இருக்கும் கண்ணி எப்போதும் ஒன்றே ஒன்றுதான். கொக்கியை உருவிவிட்டு நூலை இழுத்தால் சரசரவென்று நாலு வரிசையும் ஓடிவந்துவிடும். நூலுக்கு ஒன்றும் ஆகாது, மறுபடி பின்னலாம். இரண்டு ஊசிப் பின்னலில்கூட இந்தச் சௌகரியம் கிடையாது. அங்கே வரிசை முழுக்கக் கண்ணிகள் ஊசியில் தொங்கிக்கொண்டிருக்கும், ஒன்று நழுவினால் கீழ்வரை ஓடும்.

முதல் சதுரம் அவளுக்குச் சதுரமாக வரவில்லை, மேலே போகப் போகக் குறுகிக் கோபுரமாகிவிட்டது. எல்லாப் புதியவர்களுக்கும் நேர்வதுதான். வரிசையின் கடைசிக் கண்ணி விளிம்போடு ஒட்டிச் சுருண்டு கண்ணுக்குத் தெரியாமல் படுத்திருக்கும். அதை விட்டுவிட்டுத் திரும்பினால் வரிசைக்கு ஒன்று குறைந்துகொண்டே போகும். இருபது கண்ணியில் ஆரம்பித்தவள் பதினொன்றில் நின்றாள். அப்படியே வைத்துவிடலாம், பொம்மைக்குப் போர்த்தலாம் என்றாளாம். கணவர்தான் எட்டிப்பார்த்துவிட்டு, “இதுக்கு என்ன கணக்குக் கேக்கப் போறாங்க, இழு” என்றிருக்கிறார். இழுத்தாள். அன்றைக்கு ராத்திரி அதையே மறுபடி மறுபடி பின்னியும் இழுத்தும் விளையாடிக்கொண்டிருந்தாள் என்று மாமியார் சொன்னார். “சின்னப் புள்ள மாதிரி” என்று ஒரு முணுமுணுப்பும் சேர்த்து.

கடைசிக் கண்ணியை விடாமல் இருக்கக் கடைகளில் பிளாஸ்டிக் வளையம் விற்கிறார்கள், கண்ணியில் மாட்டி அடையாளம் வைக்க. இந்த வீட்டில் அது தேவைப்படவில்லை. தறிக்கடியில் கழிவாக விழுந்த இரண்டங்குலப் பட்டு இழைகள், அரக்கு ஒன்று, மயில்கழுத்து ஒன்று. முதல் கண்ணிக்கு அரக்கு, கடைசிக் கண்ணிக்கு மயில்கழுத்து.

தொப்பிக்கு வந்தபோது கணவரும் சேர்ந்துகொண்டார். தொப்பி உச்சியில் ஆறு கண்ணியில் ஆரம்பிக்கும். அடுத்த சுற்றில் பன்னிரண்டு, பிறகு பதினெட்டு, இருபத்திநாலு என்று சுற்றுக்கு ஆறு கூட்டினால் வட்டம் தட்டையாக விரியும். கூட்டாவிட்டால் கிண்ணமாகக் குவியும், அளவுக்கு மேல் கூட்டினால் பாவாடைக் கொசுவம் மாதிரி அலைபாயும். எந்த இடத்தில் கூட்டுவதை நிறுத்துவது? பிறந்த குழந்தையின் தலைச்சுற்றளவு ஏறத்தாழ 34 சென்டிமீட்டர். தொப்பி கொஞ்சம் பிடிக்க வேண்டும் என்பதால் 32 வைத்துக்கொள்ளலாம். அதை இருபத்திரண்டின் கீழ் ஏழால் வகுத்தால் குறுக்களவு பத்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூட. வட்டம் அந்த அகலம் வந்ததும் கூட்டுவதை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டே போனால் பக்கச் சுவர் தானாக இறங்கும். புட்டாவுக்குக் கட்டம் போட்டுக் கணக்குப் பார்க்கிற மனிதருக்கு இது அரை நிமிட வேலை. சுண்ணாம்புக் கட்டியால் தறிக்கம்பத்தில் எழுதிக் காட்டினாராம். நான் போனபோதும் அழியாமல் இருந்தது.

புத்தகம் பார்த்துப் பழகுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்கக் குறிப்பில் சிங்கிள் என்று எழுதியிருப்பதைப் பிரிட்டன் குறிப்பில் டபுள் என்று எழுதுவார்கள். அமெரிக்காவில் டபுள் என்றால் பிரிட்டனில் டிரெபிள். எந்த ஊர்க் குறிப்பு என்று பார்க்காமல் ஆரம்பித்தால், தலைக்குப் பின்னியது முழங்காலுக்குப் போடும்படி ஆகும்.

பிறப்பதற்கு முன் வாங்கலாமா

மாமியார் முணுமுணுத்ததற்கு வேறு ஒரு காரணம் இருந்தது. குழந்தை பிறப்பதற்கு முன்னால் அதற்கென்று எதையும் வாங்கக் கூடாது, தைக்கக் கூடாது என்பது இந்தப் பக்கத்து வீடுகளில் சொல்லி வைத்திருக்கிற விஷயம். தொட்டில், சட்டை, கொலுசு எல்லாம் பிறந்த பிறகுதான். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணியும் போடுவதில்லை. பல தடவை துவைத்து மெத்தென்று ஆன தாத்தாவின் வேட்டி, பாட்டியின் நூல் புடவை, இவற்றைக் கிழித்துத்தான் சுற்றுவார்கள். ஊருக்கெல்லாம் பட்டு நெய்யும் வீட்டில் பிறக்கும் குழந்தைக்கு முதல் உடுப்பு பழந்துணி. பிறகு அதே நூல் புடவைதான் விட்டத்தில் தூளியாகத் தொங்கும்.

இதை மூடநம்பிக்கை என்று ஒரு வரியில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. பிரசவத்தில் பிள்ளைகள் தவறுவது சகஜமாக இருந்த காலத்தில், ஆளில்லாமல் கிடக்கும் சின்னச் சட்டையைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டாமே என்று யாரோ ஒரு தாய் நினைத்திருப்பாள். பழந்துணிக்கும் நியாயம் உண்டு. கஞ்சி போன துணி, சாயம் விட்டு முடிந்த துணி, பிஞ்சுத் தோலை அறுக்காது. இன்றைக்கு அரசு மருத்துவமனையில் பிரசவமானால், 2015 முதல் கொடுக்கிற குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் துண்டு, சட்டை, குட்டி மெத்தை, கொசுவலை எல்லாம் சேர்த்துப் பதினாறு பொருள் வந்துவிடுகிறது. அதுவும் பிறந்த பிறகுதான் கைக்கு வரும். அரசாங்கமும் மாமியாரும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள்.

வீட்டில் சமரசம் இப்படி முடிந்தது. மருமகள் பின்னட்டும், ஆனால் முடிக்கக் கூடாது. கடைசிச் சுற்றுக்கு முந்தின சுற்றில் நிறுத்தி, அந்த ஒற்றைக் கண்ணியில் ஊக்கை மாட்டி வைத்துவிட வேண்டும். நூலை அறுத்து முடிச்சுப் போடாத வரைக்கும் அது தொப்பி இல்லை, நூல்தான் என்பது மாமியாரின் தீர்ப்பு. வக்கீலுக்குப் படித்திருந்தால் பெரிய ஆளாக வந்திருப்பார். நான் போனபோது அலமாரியில் ஊக்கு மாட்டிய நூல்கள் மூன்று இருந்தன. ஒன்று தொப்பி. இரண்டு, காலுறை ஜோடி.

டீச்சரும் கன்னியாஸ்திரிகளும்

போனைப் பார்த்துப் பழகினாலும் ஒரு கட்டத்தில் ஆள் தேவைப்படுகிறது. தொப்பியின் உச்சியில் ஓட்டை விழுந்துகொண்டே இருந்தது. போனில் காட்டுகிற பெண்ணின் விரல் அந்த இடத்தில் மின்னலாகப் போகிறது, நிறுத்தி நிறுத்திப் பார்த்தும் புரியவில்லை. இரண்டு தெரு தள்ளி ஓய்வுபெற்ற தையல் டீச்சர் ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டிவிட்டார். அவர் வீட்டு டெலிபோனுக்கும் ரேடியோவுக்கும் ஒரு காலத்தில் குரோஷா உறை இருந்ததை ஊரே அறியும். டெலிபோன் போய்விட்டது. உறை இப்போது மிக்ஸி மேல் இருக்கிறது.

டீச்சர் நூலை விரலில் இரண்டு சுற்றுச் சுற்றி, அந்த வளையத்துக்குள்ளேயே ஆறு கண்ணியும் போட்டு, வால் நூலை இழுத்தார். ஓட்டை கண் மூடுவதுபோல் மூடிக்கொண்டது. “நாங்க படிக்கும்போது ஸ்டீல் ஊசிம்மா. கொக்கி கடுகளவு இருக்கும். மதர் ஸ்கேல் வெச்சுக்கிட்டு நிப்பாங்க. கோணலா வந்தா விரல்மேல ஒண்ணு” என்றார். ஆங்கர் நூல் உருண்டையில் லேஸ் பின்னிப் பாவாடை ஓரத்தில் தைத்த தலைமுறை அவருடையது. எழுபதுகளில் மதுரா மில்ஸோடு கோட்ஸ் கம்பெனி இணைந்து மதுரா கோட்ஸ் ஆனபோது, தமிழ்நாட்டுத் தையல் வகுப்புகளில் அந்தப் பெயர் தெரியாத பெண் இருந்திருக்க மாட்டாள்.

பள்ளிக்கூட மதர்களின் கையில் இந்தக் கொக்கி எப்படி வந்தது என்பது நீளமான கதை. ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் குரோஷா பரவியது. 1840களின் பின்பாதியில் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தபோது, கன்னியாஸ்திரிகளும் பாதிரிமார் வீட்டுப் பெண்களும் ஏழைப் பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார்கள். லேஸ் விற்ற காசில் பல குடும்பங்கள் உயிர் பிழைத்தன, கப்பல் டிக்கெட்டும் வாங்கின. கையும் ஒரு கொக்கியும் போதும், மேஜைகூட வேண்டாம் என்பதால் மடங்கள் போன இடத்துக்கெல்லாம் அதுவும் போனது.

தமிழ்ப் பகுதியில் லேஸ் அதற்கும் முன்பே வந்துவிட்டது. நாகர்கோவிலில் லண்டன் மிஷன் சங்கத்து மார்த்தா மால்ட் அம்மையார் 1820களில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார். அது தலையணைமேல் குண்டூசி குத்தி, நூல் கட்டிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது, குரோஷா அல்ல. அடிமைக் குடும்பங்களில் பிறந்த பெண்கள் அந்தக் கைவேலையில் சம்பாதித்து விடுதலையைக் காசு கொடுத்து வாங்கிய வரலாறு தெற்குத் திருவிதாங்கூரில் உண்டு. மார்த்தாவின் மகள் எலைசாதான் ராபர்ட் கால்டுவெல்லின் மனைவி. அவர் மூலமாக லேஸ் இடையன்குடிக்கும் போனது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதியவரின் வீட்டிலேயே இன்னொரு பக்கம் நூல் வேலை நடந்துகொண்டிருந்தது என்பதைத் தமிழ்ப் புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை.

டீச்சருக்கு இந்த வரலாறெல்லாம் பொருட்டில்லை. அவர் மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். வீங்கியிருந்தது. விடியற்காலையில் பெருவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மரத்துப்போகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றாள். கர்ப்பத்தின் பின்பாதியில் உடம்பில் நீர் சேரும்போது மணிக்கட்டுக்குள் ஓடும் நரம்பு நெருக்குப்படும். பலருக்கும் வருவது, பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். ஆனால் மணிக்கட்டை மடித்தபடி மணிக்கணக்காகக் கொக்கி பிடித்தால் கூடும். தரையில் சம்மணமிட்டுக் குனிந்து பின்ன வேண்டாம், நாற்காலியில் முதுகு சாய்த்து, மடியில் தலையணை வைத்து அதன்மேல் கையை வைத்துக்கொள், ஒரு சீரியல் ஓடும் நேரத்துக்கு மேல் தொடாதே என்றார் டீச்சர். மரத்துப்போவது கூடினாலோ, முகமும் காலும் திடீரென்று வீங்கினாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அது நூல் வேலையால் வரும் வீக்கமாக இல்லாமல் இரத்த அழுத்தமாக இருக்கலாம்.

பிஞ்சு விரலும் நூல் இழையும்

அழகாக இருக்கிறது என்று பின்னுகிற பல சாமான்கள் குழந்தைக்கு ஆகாதவை. போனில் வரும் படங்களில் கம்பளிப் போர்வைக்குள் தூங்கும் குழந்தையும் பக்கத்தில் கரடிப் பொம்மையும் தவறாமல் இருக்கும். முதல் ஒரு வருடம் குழந்தை தூங்கும் இடத்தில் தளர்ந்த போர்வை, பொம்மை, தலையணை எதுவும் வேண்டாம், மூச்சு முட்டும் என்பதுதான் குழந்தை மருத்துவர்களின் பேச்சு. பொம்மைக்குக் கண்ணாக வைக்கும் பிளாஸ்டிக் குமிழும் சட்டைப் பொத்தானும் பிய்ந்தால் வாய்க்குப் போகும். காலுறையின் உட்பக்கம் தளர்ந்த இழை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் அது கால்விரலைச் சுற்றி இறுக்கி, இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். காரணம் தெரியாமல் வீறிட்டு அழும் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். குழந்தைக்கு மாட்டும் முன் காலுறையை உள்வெளியாகப் புரட்டிப் பார்த்துவிட வேண்டும். ஓட்டை ஓட்டையான லேஸ் வேலை பாவாடை ஓரத்துக்குச் சரி, பிறந்த குழந்தையின் கைக்கெட்டும் இடத்துக்குச் சரியில்லை.

நூலும் பார்த்து வாங்க வேண்டியது. கடையில் ஊல் என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக்தான் கொடுப்பார்கள். விலை குறைவு, நிறம் பளிச்சென்று இருக்கும், ஆனால் வியர்வை குடிக்காது. காஞ்சிபுரத்துச் சித்திரையில் அதைப் போட்டால் தலையெல்லாம் வேர்க்குரு. பருத்தி நல்லது. பட்டு? இந்த ஊரில் எல்லோரும் கேட்கும் கேள்வி. மருமகளிடம் நானும் கேட்டேன். “துவைக்கவா முடியும்? தினம் நாலு தடவ நனைக்கும்” என்றாள்.

தொப்பி வீண் என்று நினைக்க வேண்டாம். மாதம் முந்திப் பிறந்த, எடை குறைந்த குழந்தைகளுக்கு அது மருந்து மாதிரி. உடம்புச் சூடு தலை வழியாக இறங்கிவிடாமல் காக்கும். குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்துக் கட்டிவைக்கும் கங்காரு முறையைக் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978ஆம் ஆண்டு எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கினார். இன்குபேட்டர் போதாமல் போனதால் பிறந்த யோசனை அது. இன்று உலகமெங்கும் நடப்பில் இருக்கிறது, நம் ஊர் ஆஸ்பத்திரிகளிலும். அதில் குழந்தைக்கு இருக்கும் உடுப்பு மூன்றுதான்: இடுப்புத்துணி, காலுறை, தொப்பி. டென்மார்க்கில் 2013ஆம் ஆண்டு தொடங்கிய வேறொரு பழக்கம், குறைமாதக் குழந்தையின் பக்கத்தில் குரோஷாவில் பின்னிய ஆக்டோபஸ் பொம்மையை வைப்பது. அதன் சுருள் கால்களைப் பிடித்துக்கொண்டால் தொப்புள்கொடியைப் பிடித்த நினைவில் குழந்தை அமைதியாகும், மூக்கில் செருகிய குழாயை இழுக்காது என்கிறார்கள். நிரூபணம் வலுவாக இல்லை. நர்ஸ் பார்வையில் இருக்கும் வார்டு வேறு, வீட்டுத் தூளி வேறு. வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.

விலை கேட்கிறார்கள்

கார்த்திகை பிறந்தபோது மருமகளின் தொப்பியைப் பற்றித் தெருவில் பேச்சு வந்துவிட்டது. நாத்தனார் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்ததன் பலன். எவ்வளவு என்று மூன்று பேர் கேட்டார்கள். இன்ஸ்டாகிராமில் பேஜ் திறக்கலாம், பெயர்கூடத் தயார் என்றார் ஒரு சித்தப்பா. சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தில் நாலு காசு வந்தால் என்ன என்பது எல்லோருடைய நியாயம்.

எனக்கு நரசாப்பூர் ஞாபகம் வந்தது. ஆந்திரத்தில் கோதாவரி முகத்துவாரத்துப் பக்கத்து ஊர். அங்கும் மிஷனரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் லேஸ் கற்றுக்கொடுத்தார்கள். குரோஷா லேஸ் அங்கே வீட்டுக்கு வீடு ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. ஜெர்மானிய சமூகவியலாளர் மரியா மீஸ் அந்தப் பெண்களோடு பழகி எழுதிய ஆய்வு 1982ஆம் ஆண்டு புத்தகமாக வந்தது. அவர் பார்த்தது இது: நாள் முழுக்கப் பின்னுகிற பெண்ணைத் தொழிலாளி என்று யாரும் சொல்லவில்லை. வீட்டில் சும்மா இருக்கிறவள் பொழுதுபோக்காகப் பின்னுகிறாள் என்ற பேச்சே கூலியை அடிமட்டத்தில் வைத்திருக்கப் போதுமாக இருந்தது. வியாபாரம் ஆண்கள் கையில். காஞ்சிப் பட்டுக்கு 2005ஆம் ஆண்டிலும் நரசாப்பூர் லேஸுக்கு 2024ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. குறியீடு வந்த இடத்தில் கூலியும் வந்ததா என்று இரண்டு ஊரிலும் பெண்களைத்தான் கேட்க வேண்டும்.

விலை போட்டுப் பார்ப்போம். தொப்பிக்கு நூல் ஐம்பது கிராமுக்குள். பழகிய கைக்கு இரண்டு மூன்று மணி நேரம், புதியவளுக்கு அதைவிட இரண்டு பங்கு. குரோஷாவை அப்படியே பின்னும் மெஷின் சந்தைக்கு வரவில்லை. கடையில் குரோஷா என்று விற்பது ஒன்று கையால் பின்னியதாக இருக்கும், இல்லையென்றால் அந்தச் சாயலில் வேறு மெஷினில் ஓட்டிய துணி. பின்னல் மெஷினில் செய்த தொப்பி தெருமுனை ஃபேன்சி ஸ்டோரில் சில்லறைக் காசுக்குத் தொங்குகிறது. கைத்தொப்பிக்கு நேர்மையான கூலி சேர்த்துச் சொன்னால் கேட்டவர் முகம் மாறும். கோர்வைப் புடவைக்கும் பவர்லூம் புடவைக்கும் நடுவில் காஞ்சிபுரம் தினமும் பார்க்கிற முகம்தான் அது.

விற்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழுவில் ஊர் ஊராகப் பெண்கள் சேர்ந்தார்கள். 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் அவர்கள் விரித்த குரோஷா போர்வையின் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். கின்னஸில் ஏறியது. ஒன்றரைக் கால்பந்து மைதானம் அளவு. அதில் ஒரு சதுரத்தைப் பின்னியவளுக்கு அதனால் கிடைத்தது காசு இல்லை. ஆனாலும் அத்தனை பேர் பின்னினார்கள். நூல் வேலையை எல்லா நேரமும் கூலியில் அளக்க முடியாது என்பதற்கு அது ஒரு சாட்சி. பிள்ளையார்பாளையத்து வீட்டில் நூலாக வரும் எல்லாமே கூலிதான். பாவும் கூலி, தாரும் கூலி, பக்கத்தில் உட்கார்ந்து தள்ளிய கரை நாடா கூலியில்கூடச் சேராத கூலி. இந்த மஞ்சள் உருண்டை ஒன்றுக்குத்தான் இன்னும் நோட்டு திறக்கவில்லை. அதையும் சித்தப்பா திறக்கப் பார்க்கிறார்.

மருமகளிடம் கேட்டேன், பேஜ் திறப்பாயா என்று. “மூணு பேரு கேட்டாங்கல்ல, மூணு பேரையும் வரச் சொல்லியிருக்கேன். நூலும் ஊசியும் அவங்களே வாங்கிட்டு வரணும். சொல்லித் தரேன்” என்றாள். ஃபீஸ் உண்டா என்றதற்குச் சிரித்தாள். ஒருத்தி மதியத்தில் முறுக்கு கொண்டுவருகிறாளாம், இன்னொருத்தி செக்கப்புக்குத் துணைக்கு வருகிறாளாம். மூன்றாமவளுக்கும் நாலாம் மாதம்.

வளைகாப்பு ஒன்பதாம் மாதத்துக்கு முடிவாகியிருக்கிறது. அன்றைக்கே அய்யம்பேட்டைக்கு அழைத்துப்போய்விடுவார்கள், தலைப்பிரசவம் தாய் வீட்டில். ஊக்கு மாட்டிய மூன்றையும் துணிப்பையில் போட்டு எடுத்துப்போகச் சம்மதம் கிடைத்துவிட்டது. பிறந்த பிறகு கடைசிச் சுற்றைப் போட்டு முடிப்பது அவள் அம்மாவா அவளா என்பது இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. எப்படியும் அந்தத் தொப்பி நாலைந்து வாரம்தான் தாங்கும். முதல் மூன்று மாதத்தில் குழந்தையின் தலை மாதத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் வளரும். அதற்கப்புறம் பிரித்து, மிச்ச நூலையும் சேர்த்துப் பெரிதாகப் பின்னிக்கொள்ளலாம் என்பது டீச்சரின் யோசனை.

மாமியாருக்கு வேறு யோசனை இருக்கிறது. நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, மருமகள் காதில் விழாதபடி கேட்டார்: “ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்கு உறை போடுவாங்களாமே, அதுக்கு எத்தன கண்ணி ஆகும்மா?”